மாதம் 2,000 ரூபாயும் நிலைக்காத பயிற்சியாளரும்: அரசு சேவைகள் பற்றி ஒரு அக்காவின் மதிப்புரை

அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் உள்ளவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு பணம் ஒதுக்கி நடத்தும் சேவைகளைப் பற்றிய மதிப்புரை இது. அடையாள அட்டையில் தொடங்கி, மாத உதவித்தொகை, பயிற்சி மையம், உபகரணங்கள், பள்ளி, அப்புறம் பதினெட்டு வயதைத் தாண்டியவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பது வரை எழுதுகிறேன். என் தம்பிக்கு இப்போது 26 வயது. மூச்சுத் திணறிப் பிறந்தவன். அறிவுசார் குறைபாடு உண்டு, வலது காலில் இறுக்கம் உண்டு, எப்போதாவது வலிப்பு வரும். நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். தென்மாவட்டம் ஒன்றில், ஒரு சிறு ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். அதனால் எங்கள் வீட்டு விஷயம் மட்டுமில்லாமல், சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பிள்ளை உள்ள பல வீடுகளின் விண்ணப்பங்களும் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகின்றன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசுப் பணம் அட்டையாக, நாற்காலியாக, வங்கிக் கணக்கில் தொகையாக வரும்போது பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடுகிறது. அதே பணம் ஒரு மனிதராக வரவேண்டிய இடத்தில், அதாவது வாராவாரம் பிள்ளையின் காலை நீட்டி மடக்கிப் பழக்கும் பிசியோவாக, பேச்சுப் பயிற்சியாளராக, சிறப்பாசிரியராக வரவேண்டிய இடத்தில், பாதி வழியில் நின்றுவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட வேண்டியவர்கள் அந்த மனிதர்கள்தான்.

எத்தனை பேருக்கான சேவை இது என்பதையும் சொல்ல வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். அதில் அறிவுசார் குறைபாடு என்ற பிரிவில் மட்டும் 1,00,847 பேர். அந்தக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்கென்று தனிப் பிரிவே இல்லை. வீட்டுக்குள்ளேயே வைத்து, கேட்பவரிடம் பிள்ளை இருப்பதையே சொல்லாத குடும்பங்களும் எத்தனையோ. என் மையத்துக்கு வருகிறவர்களில் சிலர் கடையில் கூட்டம் குறையும்வரை வெளியே நின்றுவிட்டு, அப்புறம்தான் உள்ளே வந்து மெதுவாகக் கேட்பார்கள்.

அடையாள அட்டையில் தொடங்குவோம். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் தனி வகையாக உள்ளே வந்தது அதில்தான். இப்போது யுடிஐடி எனப்படும் தனித்துவ அட்டைக்கு இணையத்தில் பதிந்தால், மாவட்ட மருத்துவமனையில் மதிப்பிட்டு, நாற்பது சதவீதத்துக்குக் கீழ் என்றால் வெள்ளை, நாற்பது முதல் எண்பதுக்குள் மஞ்சள், எண்பதும் அதற்கு மேலும் என்றால் நீலம் என்று பட்டையிட்ட அட்டை வருகிறது. முறையாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. நாடு முழுக்கச் செல்லும்.

சிக்கல், மதிப்பிடுகிற இடத்தில் இருக்கிறது. கண்ணையும் காலையும் ஒரு மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் ஓரளவு சொல்லிவிடலாம். அறிவுசார் குறைபாட்டை அப்படிச் சொல்ல முடியாது. உளவியலாளர் உட்கார்ந்து, பிள்ளையைப் பேச வைத்து, கட்டைகளை அடுக்க வைத்து, தாயிடம் 'தானாகச் சாப்பிடுகிறானா, பட்டன் போடுகிறானா, காசு எண்ணத் தெரியுமா' என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். உளவியலாளர் வருவது குறிப்பிட்ட நாளில் மட்டும். அந்த நாளில் நெரிசலான வராந்தாவில், சத்தம் தாங்காத ஒரு ஆட்டிசப் பிள்ளையை மதியம்வரை வைத்திருப்பது என்னவென்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளை அழுது சோர்ந்த பிறகு நடக்கும் சோதனையில் என்ன மதிப்பெண் வரும்? அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் உதவித்தொகையே தீர்மானமாகிறது. காத்திருக்க ஓர் அமைதியான அறை, நேரம் குறித்துக் கொடுக்கும் ஒரு டோக்கன், இவ்வளவு போதும். பெரிய செலவில்லை.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு என் மேசையிலிருந்து ஒரு வார்த்தை. ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று மூன்றிலும் இனிஷியல் ஒரே இடத்தில், ஒரே மாதிரி இருக்கட்டும். முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில் என்று இருந்தால் அங்கேயே தேங்கும். கைவிரல் இறுகி மடங்கிய பிள்ளைகளுக்கு ரேகை விழவில்லை என்று ஆதார் மையத்தில் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். உடல் குறைபாட்டுக்கான விதிவிலக்காகப் பதிவு செய்ய வழி உண்டு. கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது மாத உதவித்தொகை. தம்பிக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிலிருந்து பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் 2,000 ரூபாய் அவன் கணக்குக்கே வருகிறது. முன்பு 1,500 ஆக இருந்தது. இடையில் யார் கையும் நனையாமல் நேராக வங்கிக்கு வருவது உண்மையிலேயே பெரிய விஷயம். அம்மா மணியார்டரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். சில மாதங்களில் தாமதமாகும், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வரும். ஆனால் வராமல் போனதில்லை. இந்த ஒன்றுக்காக நான் துறையை மனதாரப் பாராட்டுவேன்.

தொகை போதுமா என்பது வேறு கேள்வி. எங்கள் பக்கத்து நகரத்தில் தனியார் பிசியோ ஒரு தடவைக்கு 400, 500 வாங்குகிறார். ஆக, இந்த 2,000 நான்கைந்து தடவைக்குச் சரியாகப் போய்விடும். அப்புறம் வலிப்பு மாத்திரை. அரசு மருத்துவமனையில் இருப்பு இருக்கும் மாதம் இலவசம், இல்லாத மாதம் வெளியில் வாங்க வேண்டும். வலிப்பு மாத்திரையை 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்று தள்ளிப்போட முடியாது. இதற்கெல்லாம் மேலே, அவனைப் பார்த்துக்கொள்வதற்காக அம்மா வேலைக்கே போகவில்லை. அந்த ஆண்டுகளின் கூலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு ஒரு வரையறை வைத்திருக்கிறது: மற்றவர்களுக்கான இதே மாதிரித் திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை குறைந்தது 25 சதவீதம் கூடுதலாக இருக்க வேண்டும். 2023இல் தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆனது. அதே ஆண்டு வருவாய்த்துறை வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாய் ஆனது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25 சதவீதம். சட்டம் சொன்ன கீழ்வரம்பில் கோடு போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். பராமரிப்புத் தொகை 2,000 என்பது அதைவிட மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆந்திரத்தில் 2024 ஜூலையிலிருந்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய், முழுமையாகப் படுக்கையில் இருப்பவர்களுக்கு 15,000 ரூபாய். இங்கே மாற்றுத்திறனாளி சங்கங்கள் சாலையில் உட்கார்ந்து கேட்பது அதைத்தான். நியாயமான கோரிக்கை. ஒன்றிய அரசின் பங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்: இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்தில் 18 முதல் 79 வயதுவரை ஒருவருக்கு டெல்லி தருவது மாதம் 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, எண்பது சதவீதக் குறைபாடும் இருந்தால்தான். சுமை மாநிலத்தின் தலையில்தான் விழுகிறது என்பது உண்மை. அது தெரிந்தும்தான் மாநிலத்திடம் கேட்கிறேன், எங்களுக்குக் கேட்கக் கிடைத்த இடம் அதுதான்.

இப்போது பயிற்சி மையம். இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும்.

என் தம்பி பிறந்த காலத்தில் எங்கள் பக்கம் ஆரம்பநிலைப் பயிற்சி என்று ஒன்று இருப்பதே தெரியாது. 'ஆம்பளப் பிள்ளை, பேச்சு லேட்டாத்தான் வரும்' என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவனை முதன்முதலாகச் சிகிச்சைக்குக் கொண்டுபோனபோது கால் ஏற்கெனவே இறுகியிருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2013இல் வந்த ஆர்பிஎஸ்கே எனப்படும் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு நேரில் வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. சந்தேகம் என்றால், சிறு வயதிலேயே பயிற்சியைத் தொடங்குவதற்காக மாவட்ட அளவில் இருக்கும் ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். அதுபோக, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கு மாநில அரசு சிறப்பாசிரியர், பிசியோ ஆகியோரின் மதிப்பூதியத்தைக் கொடுக்கிறது.

அப்படி ஒரு மையத்துக்கு எங்கள் தெருப் பெண் குழந்தை ஒன்று போகிறது. பெயர் வேண்டாம், பாப்பா என்று சொல்கிறேன். இரண்டு வயதாகியும் உட்காரவில்லை, கழுத்து நிற்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவை நான்தான் முதல் நாள் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு அறைகள், ஒரு வராந்தா, தரையில் நீலப் பாய், சுவரோரம் கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு இணைக் கம்பிகள். அங்கிருந்த பிசியோ பொண்ணுக்கு வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். பாப்பாவைத் தொடுவதற்கு முன்னால் அம்மாவைத் தரையில் உட்கார வைத்து, 'அக்கா, உங்க மடியில எப்படித் தூக்குறீங்கன்னு காட்டுங்க' என்றாள். அம்மா தூக்கிக் காட்டியதும், 'இப்படித் தூக்குனா கால் கத்தரி மாதிரி பின்னிக்கும். ரெண்டு காலையும் விரிச்சு உங்க இடுப்புல உக்கார வைங்க, அதுவே பயிற்சிதான்' என்று சொல்லிக் கையைப் பிடித்துப் பழக்கினாள். நான் பார்த்த எந்த அரசு சேவையிலும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். ஒரு நாளின் மற்ற எல்லா மணி நேரமும் பிள்ளை தாயிடம்தானே இருக்கிறது.

சிறப்பாசிரியர் இன்னும் ஒரு படி மேல். விலை கொடுத்து வாங்கிய பொம்மை எதையும் கேட்கமாட்டார். கிண்ணத்தில் துவரம்பருப்பைப் போட்டு இரண்டு விரலால் எடுக்க வைப்பார். ஈரத் துணியைப் பிழிய வைப்பார். வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு நோட்டில் எழுதிக் கொடுப்பார், எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குப் படம் வரைந்து கொடுப்பார். பாப்பா உட்கார்ந்தாள். அப்புறம் கம்பியைப் பிடித்து நின்றாள். நடக்கப் பழகும்போது வராந்தாவில் காத்திருக்கும் எல்லா அம்மாக்களும் எழுந்து நின்று பார்ப்பார்கள்.

பேருந்தையும் பாராட்ட வேண்டும். மையத்துக்கும் மருத்துவமனைக்கும் போய்வர இப்பிள்ளைகளுக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணமில்லாப் பயண அட்டை உண்டு. அது இல்லையென்றால் கூலிக்குப் போகும் வீட்டு அம்மாக்கள் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுவார்கள்.

பிரச்சினை அதற்குப் பின்னால் வந்தது. அந்த பிசியோ பொண்ணு வேலையை விட்டுவிட்டாள். அவள் கையில் வாங்கியது இருபதாயிரத்துக்கும் குறைவு. அதுவும் மாதாமாதம் இல்லை. அரசு மானியம் வந்தால்தான் நிறுவனம் சம்பளம் போடும், மானியம் தவணையாக, தாமதமாக வரும். கல்விக் கடன் கட்ட வேண்டிய பொண்ணு. நகரத்துத் தனியார் மருத்துவமனையில் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். அவளை நான் ஒரு சொல்கூடக் குறை சொல்லமாட்டேன். அவள் இடத்துக்குப் பல மாதங்கள் யாரும் வரவில்லை. அரசு அறிக்கையில் மையம் இயங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். பாய் இருந்தது, கம்பி இருந்தது, கண்ணாடி இருந்தது. பாப்பாவின் கணுக்கால் மறுபடி இறுகத் தொடங்கியது. தசை இறுக்கம் யாருக்கும் காத்திருக்காது, பிள்ளை வளர வளர எலும்பு நீளும், தசை கூடவே நீளாவிட்டால் மூட்டு மடங்கிக்கொள்ளும். அப்புறம் அறுவை சிகிச்சைதான். மாதம் சில ஆயிரம் கூட்டிக் கொடுக்காததால் மிச்சமான பணம், பின்னால் காப்பீட்டுத் திட்டத்தில் பல மடங்காகச் செலவாகும்.

ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இது இன்னும் கொடுமை. ஒரு புதிய ஆள் தன் கையைத் தொட அனுமதிக்கவே சில பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் பாடமே தொடங்குகிறது. ஆள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து.

உலக வங்கிக் கடனோடு ஆயிரத்து எழுநூறு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்கான 'தமிழ்நாடு உரிமைகள்' திட்டம் வந்திருக்கிறது. அதில் முன்களப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கணக்கெடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பொண்ணு வந்து தம்பியோடு பொறுமையாகப் பேசிப் பதிவு செய்தாள். வெளியே சொல்லாமல் வைத்திருந்த பிள்ளைகளையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த வீட்டுக்காரர்கள் அப்புறம்தான் என் மையத்துக்கு வந்தார்கள். 'விழுதுகள்' என்ற பெயரில் ஒரே கூரையின் கீழ் எல்லாப் பயிற்சியும் தரும் சேவை மையங்கள் திறக்கிறார்கள், பயிற்சி வண்டிகள் ஊர்களுக்குப் போகின்றன. நான் போய்ப் பார்த்த மையம் ஒன்றில் சாய்தளம், கழிப்பறை, பேச்சுப் பயிற்சி அறை எல்லாம் மனசுக்கு நிறைவாக இருந்தன. பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க அதற்கு முன்பு நாங்கள் பெருநகரம்தான் போக வேண்டும். இந்தத் திட்டத்தை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். பயம் ஒன்றுதான். கடன் திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, அதில் சேர்ந்தவர்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். திட்டம் முடிந்த மறுமாதம் அவர்களுக்கு யார் சம்பளம் போடுவார்கள்? மாநில நிதிநிலை அறிக்கையில் நிரந்தரப் பணியிடங்களாக அவை வர வேண்டும். அதற்கான ஆணை வரும்வரை கட்டடத்துக்கு மட்டும் நான் முழு மதிப்பெண் தருவேன்.

குறைந்த செலவில் நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் பக்கமே இருக்கிறது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், தானும் மாற்றுத்திறனாளியான எஸ்.ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் என்ற தொண்டு நிறுவனத்தில், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மேலே ஒரு தெரபிஸ்ட் ஒவ்வொரு பிள்ளைக்கும் திட்டம் போட்டு வழிநடத்துகிறார். ஊர்ப் பெண் என்பதால் அவ்வளவு எளிதில் ஊரைவிட்டுப் போய்விட மாட்டாள். அரசு இந்த முறையை எல்லா ஒன்றியத்துக்கும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்களுக்குக் கௌரவமான சம்பளம் கொடுத்தால் நான் சொல்லும் குறையில் பாதி தீர்ந்துவிடும்.

உபகரணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான சிறப்பு நாற்காலி இலவசமாகக் கிடைக்கிறது, தரமாகவே இருக்கிறது. ஆனால் அளவெடுத்துப் பொருத்த ஆள் வேண்டும், பிள்ளை வளரும்போது பட்டையையும் கால்தாங்கியையும் மாற்றித் தர ஆள் வேண்டும். விழா மேடையில் கொடுத்து அனுப்பிய நாற்காலிகளில் சில, துணி மடித்துப் போடும் இடமாகிவிட்டதை நானே வீடுகளில் பார்த்திருக்கிறேன். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் அம்மாக்களுக்கு மோட்டார் தையல் இயந்திரம் கொடுக்கிறார்களே, அது அருமையான திட்டம். வீட்டைவிட்டு நகர முடியாத பெண்ணுக்கு வீட்டுக்குள்ளேயே வருமானம். எங்கள் தெருவில் ஜாக்கெட் தைத்தே கடனை அடைத்த அம்மா இருக்கிறார்.

பள்ளிக்கு வருகிறேன். 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது சட்ட உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வருகிறார்கள். ஒருவருக்கு அத்தனை பள்ளிகளைக் கட்டிக்கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்திலிருந்து வருவது. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீயில் மாநிலம் சேரவில்லை என்பதற்காக, 2024-25இல் இந்த ஒருங்கிணைந்த திட்டத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டை யாருக்கிடையில் நடந்தாலும் சரி, வீட்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை வரும் டீச்சரின் சம்பளம் அந்தச் சண்டைக்குள் வரவே கூடாது.

கடைசியாக, பதினெட்டுக்குப் பிறகு. என் தம்பியின் பக்கம் இது.

பள்ளி முடிந்த அன்றிலிருந்து அவனுக்குப் போக இடமில்லை. இருக்கும் ஏற்பாடுகள் இரண்டு: தொலைவில் ஒரு தங்கும் இல்லம், அல்லது வீடு. பகல்நேரப் பராமரிப்பு மையங்களுக்கு அரசு மானியம் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் நகரங்களில். எங்கள் ஒன்றியத்தில் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்குப் போன காலத்தில் அவன் தானாகக் குளிப்பான், சட்டை பட்டன் போடுவான், எண்ணிப் பத்து சொல்வான். வீட்டில் டிவி முன்னாலும் கேட்டுக்குப் பக்கத்திலும் கழிந்த ஆண்டுகளில் எடை கூடியது, கால் இறுக்கம் கூடியது, பட்டன் போடுவது மறந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அரசே செலவு செய்து சொல்லிக்கொடுத்த திறமைகள் அவை. அவற்றைக் காப்பாற்ற ஒரு பகல்நேர இடம் இல்லாததால் ஒவ்வொன்றாகக் கரைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். இப்போது நான் அவனை என் மையத்துக்கு அழைத்து வருகிறேன். ஜெராக்ஸ் தாள்களை அடுக்குவான், ஸ்டேப்ளர் அடிப்பான். வாடிக்கையாளர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். பட்டன் போடுவது திரும்ப வந்துவிட்டது.

எல்லா வீட்டிலும் கடை இருக்காது. கேரளத்தில் பஞ்சாயத்துகளே, பெண்கள் சுயஉதவிக் குழு அமைப்பான குடும்பஸ்ரீயின் துணையோடு, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளிகளை நடத்துகின்றன. பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கென்று பட்ஸ் மறுவாழ்வு மையமும் உண்டு. கொல்லத்தில் இருக்கும் எங்கள் சித்தி மகளோடு அப்படி ஒன்றைப் போய்ப் பார்த்தேன். பெரியவர்கள் காகிதப் பையும் குடையும் செய்துகொண்டிருந்தார்கள். காலையில் வண்டி வந்து அழைத்துப்போய் மாலையில் விடுகிறது. அந்தப் பகல் முழுக்க அவர்களுடைய அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்கள். பஞ்சாயத்தே நடத்துவதால் கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். அங்கே எல்லாம் சரி என்று சொல்லவில்லை. பராமரிப்பவருக்குக் கேரளம் தரும் 'ஆஸ்வாசகிரணம்' தொகை மாதம் 600 ரூபாய்தான், அதுவும் நிலுவை விழும். ஆனால் இடம் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறது.

இங்கே எங்கள் ஊரில் பூட்டிக் கிடக்கும் பழைய பஞ்சாயத்துக் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஒரு சிறப்பாசிரியர், ஓர் உதவியாளர், வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோ, மதியச் சாப்பாடு. பள்ளிச் சமையல் கூடத்திலிருந்தே சாப்பாடு வரலாம். ஒன்றியத்துக்கு ஒன்று என்று அரசு தொடங்கினால்கூட எத்தனை வீட்டுப் பெண்கள் மூச்சு விடுவார்கள்.

பதினெட்டு ஆனதும் இன்னொரு வேலையும் வரும். சட்டப்படி பிள்ளை வயதுவந்தவர், அவருக்காகப் பெற்றோர் போடும் கையெழுத்து செல்லாது. வங்கியில் திடீரென்று சட்டப்படி பாதுகாவலர் யார் என்று கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள். 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது: மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டபூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம், நீதிமன்றம் போக வேண்டாம். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நான்குக்கும் இது பொருந்தும். குழு அடிக்கடி கூடுவதில்லை என்பதுதான் எங்கள் அனுபவம். அதனால் பதினெட்டு முடிந்தவுடனே மனு கொடுத்துவிடுங்கள், தேவை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்குப் பிறகு நான் என்பதையும் இப்போதே எழுதி வைக்கக் கேட்டிருக்கிறோம். அதே சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம்வரை, முன்பரிசோதனை எதுவும் இல்லை. பிசியோ, பேச்சுப் பயிற்சிக்கும் உள்வரம்புக்கு உட்பட்டு ரசீதைக் காட்டித் திரும்பப் பெறலாம். மார்ச் 31க்குள் புதுப்பிக்க மறந்தால் விட்டுப்போகும்.

நான் தரும் மதிப்பெண்: மாத உதவித்தொகை ஒழுங்காக வருவதற்கு ஐந்துக்கு நான்கு, தொகைக்கு இரண்டு. ஆரம்பநிலைப் பயிற்சி மையத்தில் ஆள் இருக்கும்போது ஐந்து, ஆள் இல்லாதபோது பூஜ்யம். பதினெட்டுக்கு மேற்பட்டவர்களுக்கு எங்கள் ஒன்றியத்தில் மதிப்பிட எதுவும் இல்லை.

அந்தப் பூட்டிய கட்டடத்தைப் பகல்நேர மையமாக்கக் கேட்டு, எங்கள் பகுதியில் உள்ள குடும்பங்கள் சேர்ந்து திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பெயர்ப் பட்டியல், வயது, அட்டை எண், எந்த ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் இணைத்திருக்கிறோம். உங்கள் ஒன்றியத்திலும் இதே மாதிரி கேட்க நினைப்பவர்கள் பட்டியலை முதலில் தயார் செய்யுங்கள். 'இங்கே யாரும் இல்லையே' என்ற பதில்தான் முதலில் வரும். யுடிஐடி விண்ணப்பத்துக்கும் பாதுகாவலர் மனுவுக்கும் என் மையத்தில் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் ஊர் இ-சேவை மையத்திலும் அப்படிச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.